நம் வீட்டில் இருக்கும் இன்னொருத்தி

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருவதாக நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். இரண்டு நாள் இருந்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் கிளம்பி, அப்படியே ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய்: "வீட்டுக்கு வரலாமா, இல்ல வெளிய எங்கயாவது வச்சு உன்ன மட்டும் பாத்துட்டுப் போகட்டுமாம்மா?" பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் வர நீ அனுமதி கேட்கிறாய். உன்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டவள் நான்தான். போனில் சொன்னால் பாதியில் அழுது முக்கியமானதை விட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டிக்கொள். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் வந்தது. இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு ஓர் அருவியைக் காட்டினாய். விளையாட்டுகளில் வரும் தண்ணீரை நிஜம்போல் விழவைப்பது உன் வேலை என்று அதுவரை எனக்கே சரியாகத் தெரியாது. அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ சீசனுக்குக் குற்றாலம் பேரருவியில் விசிலோடு நின்று கூட்டத்தை வெளியேற்றின சப்-இன்ஸ்பெக்டர் இல்லையா, அவர் கண் வேறு எதையோ தேடியது. "ஏலே, இதுல சருகு எங்கல? தண்ணி கூடுறதுக்கு முன்ன சருகும் சுள்ளியும் வரும், நெறம் செம்மண்ணா மாறும். அதப் பாத்துத்தான் நாங்க ஆளுகள வெளியேத்துவோம். ஓந் தண்ணி குழாய்த் தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றார். நீ சிரித்துக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டாய். பிறகு, திரைக்கு வெளியே போன தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் கேட்டார். "எங்கயும் போகலப்பா. யாரும் பாக்காத எடத்துல அது இல்லவே இல்ல. பாக்குறப்ப மட்டும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டும்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. நம் உலகமே அப்படி ஒரு கணக்காக இருக்கலாம், நாம் எல்லோரும் யாரோ ஓடவிட்ட கம்ப்யூட்டருக்குள் இருக்கலாம், பெரிய பெரிய ஆட்களே அதை யோசிக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினாய். அப்பா ரசித்துக் கேட்டார். "அப்போ நான் வீட்டுக்கு வந்துட்டா அங்கன குத்தாலம் கெடையாதா? நல்லதாப் போச்சு, பந்தோபஸ்தே வேண்டாம்லா" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் எல்லோருமாகச் சிரித்த கடைசி நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் மாடியில் துணி எடுக்கப் போனேன். இறங்கி வருவதற்குள் அப்பா உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். தட்டினேன். ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஸ்டேஷனில் அவர் மற்றவர்களைப் பார்க்கும்போது பார்த்திருக்கிறேன், அதுவரை அது என்மேல் விழுந்ததில்லை. "நீ யாரு? எஞ் சம்சாரம் வந்தாத்தான் கதவத் தொறப்பேன்" என்றார். "நாந்தாங்க" என்றேன். "ஆளு அவள மாதிரியேதான் இருக்க. நல்லாச் செஞ்சிருக்காங்க. நான் பாக்கும்போது மட்டும் எல்லாம் நடமாடுது, திரும்புனா ஒண்ணுமில்ல. எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். வெயிலில், கையில் காய்ந்த துணியோடு, தெருவே பார்க்க நின்றேன். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். நீ ஆபீசில் இருந்தாய். "ஓங் கம்ப்யூட்டர் பேச்சுதாம்லே இவரப் பைத்தியமாக்கிட்டு. ஒலகமே பொய்யின்னு நீதான இவரு தலைல ஏத்துன? இப்ப நானும் பொய்யாம். வந்து பாரு நீ பண்ணுன வேலைய" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீ "சரிம்மா" என்று மட்டும் சொன்னாய். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து பேசி, அப்பாவைக் கதவைத் திறக்கவைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகு நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தி மட்டும் வரும். ஒருமுறை, "நான் அப்பாகிட்ட அதப் பேசியிருக்கக் கூடாதும்மா, தெனம் நினைக்கேன்" என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பதில் என்னிடம் இருந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன். உன் லேப்டாப் இந்த வீட்டுக்குள் வருவதற்கு எட்டு மாதம் முன்பே எனக்குத் தெரியும். அந்தப் பொங்கலுக்கு முந்தின சித்திரையில் நானும் அப்பாவும் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போயிருந்தோம். சாமி கும்பிட்டுவிட்டுப் படி இறங்கி வந்துகொண்டிருந்தோம். பாதியில் அப்பா நின்றுவிட்டார். முட்டி வலிக்கிறதோ என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். மரியாதையாகக் கையை விலக்கிக்கொண்டு, "நீங்க போங்கம்மா. எஞ் சம்சாரம் மேல நிக்கா, அவ வரட்டும்" என்றார். நான் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன். அரை மணி நேரம், நான் வருவதற்காக நானும் அவரோடு காத்துக்கொண்டிருந்தேன். பிறகு எதுவுமே நடக்காததுபோல எழுந்து, "ஏட்டி, போவமா, வெயில் ஏறுதுல்லா" என்றார். பஸ்சில் வரும்போது யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம்கூட. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். விடை வேண்டாமென்றால் கணக்கையே பார்க்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். பிறகும் இரண்டு மூன்று முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் அசதி, சர்க்கரை, வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மாடிப்படியடியில் நின்று உன்மேல் பழியைப் போட்டபோது, வாய் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே பண்பொழிப் படிக்கட்டு ஞாபகத்தில் இருந்தது. தெரிந்தேதான் சொன்னேன். யாராவது ஒருவர் காரணமாக இருந்தால் எனக்குத் தாங்கும்போல இருந்தது. நீ தூரத்தில் இருந்தாய், உன்மேல் போடுவது சுலபமாக இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு மூளை டாக்டரிடம் காட்டினோம். வயது குறைந்த பெண், நிதானமாகப் பேசினாள். "முகத்த அடையாளம் காண்ற எடம் வேறம்மா, அந்த முகத்தப் பாத்ததும் நம்மாளுன்னு தோணுற எடம் வேற. ரெண்டுக்கும் நடுவுல தொடர்பு விட்டுப்போச்சு. அதனால உங்கள மாதிரியே இருக்கீங்கன்னு தெரியுது, நீங்கதான்னு தோணல. அப்ப மனசு ஒரு காரணம் தேடும்ல, ஆள் மாத்திட்டாங்கன்னு கண்டுபிடிக்கும்" என்றாள். நான் உன் கம்ப்யூட்டர் கதையைச் சொல்லி, அதனால் வந்திருக்குமா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "பேச்சுல வர்ற வியாதி இல்ல இது. வந்த பெறகு, தெரிஞ்ச வார்த்தைய எடுத்துக்கும், அவ்வளவுதான்." அது நிஜம்தான். கொஞ்ச நாளில் அவர் உன் கதையை விட்டுவிட்டு, வேலையில் இருந்தபோது சுந்தரபாண்டியபுரத்தில் சினிமா ஷூட்டிங் பந்தோபஸ்துக்குப் போன கதைக்கு வந்துவிட்டார். அங்கே பலகையில் ஒரு தெருவே கட்டியிருந்தார்களாம். கதவைத் திறந்தால் பின்னால் வயல்தானாம். "இந்த வீடும் செட்டுதான். எங்க வீடு மாதிரியே போட்டிருக்காங்க, அந்தச் சுவத்து வெடிப்பக்கூட விடல பாரேன்" என்று என்னிடமே வியந்து சொல்வார். உன் பேச்சுக்கு முன்பும் இது இருந்தது, பின்பும் இருக்கிறது. உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். மன்னிப்பு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன், என்னை மன்னித்துக்கொள்.

முதல் ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. நீ வந்து அதையே செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நான்தான் நான் என்று நிரூபிக்கப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து முன்னால் வைத்தேன். "அவ இவதான், நான் எப்ப இல்லன்னு சொன்னேன்? நீ யாருன்னுதான கேக்கேன்" என்றார். ஆதார் அட்டையைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்துவிட்டு, "சுத்தமான வேல. நானே ஏமாந்திருப்பேன்" என்று திருப்பிக் கொடுத்தார். நான் ஆத்திரத்தில் அந்த அட்டையைத் தூக்கி எறிந்தேன். ஒருநாள் தோளைப் பிடித்து உலுக்கி, "என்னயத் தெரியலயா, என்னயத் தெரியலயா" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். யாருக்கும் பயப்படாத மனுஷன் என்று ஊரெல்லாம் சொன்ன ஆள். அன்றோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். நீயும் கேட்காதே.

ஒருநாள் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். போன் அடித்தது, அப்பா நம்பர். எடுத்தால், "ஏட்டி, எங்கன இருக்க? வீட்டுல ஒருத்தி வந்து உக்காந்துக்கிட்டுப் போகவே மாட்டேங்கா. இப்பத்தான் வெளிய போனா. சீக்கிரம் வாட்டி" என்றார். கடைக்காரர் சில்லறையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் அதை வாங்காமலே படி இறங்கிவிட்டேன். ஏட்டி என்று அவர் கூப்பிட்டு எத்தனை மாதம்! மூளைக்குள் குரலுக்குத் தனி வழி இருக்கிறதாம், சிலருக்கு அது அடைபடாமல் இருக்குமாம். டாக்டர் பிறகு சொன்னாள். அப்போது அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆட்டோவைப் பிடித்து ஓடி வந்தேன். கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மூடிக்கொண்டது. "வந்துட்டியா? எஞ் சம்சாரம் வந்துக்கிட்டு இருக்கா. அவ வந்ததும் நீ கெளம்பிரு" என்றார். மாத்திரையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து இப்படித்தான் வண்டி ஓடுகிறது. காலையும் மத்தியானமும் புறவாசலுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கூடத்தில் இருக்கும் அவருக்குப் போன் போடுகிறேன். ஸ்கூலில் இருக்கிறேன், சாயங்காலம் வருவேன், அந்தம்மா போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கோங்க, மாத்திரை கொடுத்தால் முரண்டு பண்ணாமல் போட்டுக்கோங்க என்பேன். சரி என்பார். போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, அந்தம்மாவாகச் சோறு போடுவேன். வழி தப்பாக இருந்து விடை மட்டும் சரியாக இருந்தால் ஒரு மார்க்கும் போடாத டீச்சர் நான். இப்போது தினமும் இரண்டு வேளை பொய்யில் சமைக்கிறேன். சாயங்காலம் ஆனதும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும். அப்போது மறுபடியும் புறவாசலுக்குப் போய், பஸ் கிடைக்கவில்லை, வர நேரமாகும் என்று சொல்லுவேன்.

இதில் ஒரு விநோதம் உண்டு. என்னைப் பற்றி அவர் என்னிடமே பேசுகிறார். ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து முன்னால் உட்கார்ந்தார். "எஞ் சம்சாரம் டீச்சரு, தெரியுமா? திருச்செந்தூர்ப் பக்கம் ஹெட்மிஸ்ட்ரஸ் வேல வந்துச்சு. நான் விடல. வீட்ட யாரு பாப்பான்னு கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. மறுநாளும் டிபனக் கட்டிக்கிட்டு எலத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கே பஸ் ஏறிட்டா. பஸ்சுக்குள்ள உக்காந்து அழுதத நான் பைக்குல பின்னால வந்து பாத்தேன். ஆனா சொல்லல. அது தப்புதான்" என்றார். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் அவர் சொன்னதில்லை. நான் அழுதது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "அத அவுககிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றேன். "அவகிட்ட எப்படிச் சொல்ல? நீ வெளியாளு, ஒங்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவர் எழுந்து போனபிறகும் மிச்ச வெண்டைக்காயை நறுக்க முடியவில்லை. சந்தோஷமா, கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

நீ அன்றைக்குச் சொன்ன விஷயத்தைப் பிறகு நானும் தேடிப் படித்தேன். உன்னைத் திட்டுவதற்குக் காரணம் தேடித்தான் ஆரம்பித்தேன். மனசுள்ள ஆட்களோடு ஓர் உலகத்தைக் கம்ப்யூட்டரில் செய்ய முடியுமென்றால், ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள், ஏராளமாகச் செய்வார்கள், அப்போது செய்யப்பட்டவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், ஆகவே நாமும் செய்யப்பட்டவர்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதுதானே? கூட்டல் கழித்தலில் எனக்குக் குறை தெரியவில்லை. கணக்குப் போட்டே ஒரு மனசை உண்டாக்கிவிட முடியும் என்ற முதல் வரியில்தான் எனக்குச் சந்தேகம். அதையும் தப்பென்று என்னால் நிரூபிக்க முடியாது. இப்படி இருந்தாலும் அப்படி இருந்தாலும் நாளைக்குக் காலையில் நான் பார்க்கப்போவது ஒன்றேதான் என்றால், எது சரியென்று எதை வைத்துச் சோதிப்பது? ஆனால் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. நீங்களெல்லாம் வெளியே இருந்து இது அசலா நகலா என்று கேட்கிறீர்கள். நான் இந்த வீட்டில் நகலாகவே ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டேன். கஞ்சிப் பானையை இறக்கும்போது நகலுக்கும் கை சுடுகிறது. சாயங்காலம் ஆனால் நகலுக்கும் இடுப்பு வலிக்கிறது. அசலைப் பற்றி அவர் ஆசையாகப் பேசினால் நகலுக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது, சிரிக்காதே. உலகம் எதில் ஓடினாலும், உள்ளே இருக்கிறவர்களுக்கு வலித்தால் அது வலிதான். அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரமில்லை, உலை கொதித்துவிடும்.

உன் வேலையைப் பற்றிக் குற்றவுணர்ச்சி வேண்டாம். அந்த விஷயத்தை யோசிப்பதையும் நிறுத்த வேண்டாம். அப்பா ரசித்த பேச்சு அது. எனக்காக ஜெர்மனியை விட்டுவிடுகிறேன் என்று இங்கே வந்து நிற்காதே. தேடி வந்த வேலையை வீட்டுக்காக விட்டுக்கொடுத்தது மனசுக்குள் எத்தனை வருஷம் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் பகலில் வந்து அவரோடு இருக்க ஓர் ஆள் பார்த்திருக்கிறேன். நீ போ. போனில் பேசுவதை மட்டும் விடாதே, எனக்காக இல்லை, அவருக்காக. குரல் கேட்கும்வரை நீ அவருக்கு உண்டு. அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தெருமுனையில் நின்று முதலில் அவருக்குப் போன் செய். வேலை எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்பார். நன்றாகப் பேசிவிட்டு வை. பிறகு வீட்டுக்குள் வா. உன் முகத்தைப் பார்த்து யாரென்று கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். கேட்டால் முகம் வாடாதே. என்ன சொல்வது என்று நேற்றுவரை எனக்கும் தெரியவில்லை. இன்று காலையில் தெரிந்தது.

வழக்கம்போலப் புறவாசலில் இருந்து போன் போட்டேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்குள் அவரே குறுக்கிட்டார். "ஏட்டி, இங்கன இருக்காள்லா, அந்தப் பொம்பளய ரெண்டு நாளைக்கு ஊருக்கு அனுப்புவமா?"

"ஏங்க, என்ன பண்ணுனா?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல பொம்பளதான். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உக்காரவே மாட்டேங்கா. அவளுக்கும் வீடு, புள்ள குட்டின்னு இருக்கும்லா."

என் காலை நான் குனிந்து பார்த்தேன். வீங்கித்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை, வேறு யாரும் கேட்கவுமில்லை. "என்னட்டி, லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். அவ ஊருக்குப் போக வேண்டாங்க. அவ மகனே வெள்ளிக்கெழம அவளப் பாக்க வாரான். ரெண்டு நாள் இருப்பான்."

"அப்படியா, அப்ப நல்லதாப் போச்சு" என்றார். "எங்கயும் வெளிய தங்க விடாத, நம்ம வீட்டுலயே இருக்கட்டும். கூச்சப்படாம சாப்பிடச் சொல்லு. எம் மவனும் வெளியூர்லதான கெடக்கான், அங்கன எவளாவது அவனுக்கு ஒரு வாய்ச் சோறு போடாமலா இருப்பா?"